ஸ்வர்ணா வந்த சனிக்கிழமை

தலையணையை மார்போடு அணைத்தபடி கணவனின் அறை வாசலில் நின்றாள் தக்சாயினி. உள்ளே வரலாமா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"வாங்க. அலமாரில பாதியக் காலி பண்ணிட்டேன்," என்றான் வாசுதேவன். "உங்க புடவையெல்லாம் இந்தப் பக்கம் மாட்டிடுங்க."

"சாறி நாலுதான் இருக்கு. மற்றதெல்லாம் காற்சட்டை."

"அதையும் மாட்டுங்க. அம்மா கதவத் தெறந்து பாப்பாங்க."

"அலுமாரியையுமோ?"

"மொதல்ல அதத்தான்."

அவள் உள்ளே வந்தாள். இந்த வீட்டில் குடியேறிய பிறகு அவள் இந்த அறைக்குள் கால் வைத்தது ஒரே ஒரு முறை. அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுக்க.

இந்தத் தொடரைப் படித்து வாரம் தவறாமல் இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு இதெல்லாம் பழைய செய்தி. இன்றுதான் கதவைத் தட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

வாசுதேவன் சிவகங்கைச் சீமையில் வெள்ளியம்பட்டி ஜமீன் வாரிசு. ஜமீன் போய் மூன்று தலைமுறை ஆயிற்று. அரண்மனை என்று ஊர் சொல்லும் வீடும், தேரோட்டத்தில் முதல் மரியாதையும், அவன் அம்மா கண்மணி நாச்சியாரின் சொல்லுக்கு இருக்கும் கனமும் மட்டும் போகவில்லை. தன் தம்பி மகள் ஸ்வர்ணாவைத்தான் மகன் கட்ட வேண்டும் என்பது அந்தச் சொல். ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹேயில் பாட்டரி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மகன் மாட்டேன் என்றான். காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாத 'மாட்டேன்' அந்த வீட்டில் செல்லாது.

தக்சாயினியின் கதை வேறு. ஹனோவரில் பேசி முடித்த மாப்பிள்ளை, மண்டபம் எடுத்த பிறகு வேண்டாம் என்று விலகினான். அவளுக்குக் கல்யாணம் என்ற சொல்லே கசந்துபோனது. ஈழத்திலிருந்து வந்து கொலோனில் குடியேறிய அப்பா இராசலிங்கமோ, மூத்தவள் இருக்க இளையவள் ஆதிரையின் காதலுக்குச் சம்மதிக்க முடியாது என்று உட்கார்ந்துவிட்டார்.

பாட்மிண்டனில் தோள் பிசகிப்போன வாசுதேவன், பிசியோதெரபிஸ்டான தக்சாயினியிடம் வைத்தியத்துக்கு வந்தான். அவன் கையை மெல்ல உயர்த்தி இறக்கும் வேளைகளில் இருவரும் தங்கள் இக்கட்டைச் சொல்லிக்கொண்டார்கள். ஒருநாள் அவன் கை முழுதாக மேலே போனது. அன்றே முடிவானது. ஊருக்குக் கல்யாணம். வீட்டுக்குள் ஆளுக்கு ஓர் அறை. இரண்டு வருடம் போனதும், ஒத்துவரவில்லை என்று சொல்லிச் சத்தமில்லாமல் பிரிவது.

கோபத்தில் கல்யாணத்துக்கே வராத கண்மணி நாச்சியார், இப்போது மருமகளைப் பார்க்க வருகிறார். தனியாக அல்ல. ஸ்வர்ணாவோடு.

"ஸ்வர்ணா என்ன சாப்பிடுவா?" என்று கேட்டாள் தக்சாயினி, சேலையை மாட்டியபடி.

"எல்லாம் சாப்பிடுவா. காரம் மட்டும் கம்மி. காலைல காப்பி உள்ள போகாம பேச மாட்டா. மீன்ல முள்ளு இருந்தா அழுவா," என்று சிரித்தான்.

யோசிக்காமல் வந்த பதில். என்னைப் பற்றி யாராவது கேட்டால் இவனால் இத்தனை வேகமாகச் சொல்ல முடியுமா? அந்த நினைப்பு வந்ததும் தக்சாயினிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன. பங்குனி வந்தால் பேசிக்கொண்ட இரண்டு வருடமும் முடிந்தது.

விமானத்தில் வருகிற இருவரையும் அழைத்துவர அவன் பிராங்க்ஃபர்ட்டுக்கு ரயில் பிடிக்கக் கிளம்பினான். அடுப்பு மூட்டியதும் அப்பா போனில் வந்தார்.

"பிள்ளை, என்ன சமைக்கிறாய்?"

"கத்தரிக்காய்ப் பால்கறி, இறால், முருங்கைக்காய்க் குழம்பு."

"அரண்மனையில இருந்து வாற மனுசி. சட்டியோட மேசையில கொண்டுபோய் வையாதை. சாறியை உடு. இஞ்ச சங்கத்தில எல்லாரும் கேக்கினம், ராணியம்மா எப்ப வாறா எண்டு. நான் அடுத்த கிழமை வந்து அவவைக் காணுறன்."

"ஓமப்பா."

ஜமீன் சம்பந்தம் என்பது அப்பாவின் நெஞ்சை நிமிர்த்தி வைத்திருக்கும் எலும்பு. பங்குனியில் அதையும் முறிக்க வேண்டும். தக்சாயினி கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள்.

அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. முதலில் படியேறி வந்தது ஒரு பெண்ணின் சிரிப்பு. அதோடு சேர்ந்து வாசுதேவனின் சிரிப்பும் வந்தது. அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. இந்த வீட்டில் அவன் புன்னகைப்பான். மரியாதையாக.

கதவைத் திறந்தாள்.

கண்டாங்கிச் சேலைக்கு மேல் மகனின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார் கண்மணி நாச்சியார். காதில் வைரம், காலில் ஓட்டக்காரர்களின் சப்பாத்து. புது மணப்பெண்போல வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"வாங்கோ மாமி. களைச்சுப் போனியளோ?"

"மாமியா? எங்க பக்கம் அத்தைன்னுதான் கூப்பிடுவாக, தாயி."

"சரி... அத்தை."

"அத்த, உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்," என்றாள் பின்னால் வந்த ஸ்வர்ணா. அவள் வாயில் அந்தச் சொல் பிறந்தபோதே இருந்ததுபோல வந்தது. தன் வாயில் அது இரவல் நகையாகத் தொங்குவதாகத் தக்சாயினிக்குத் தோன்றியது.

ஸ்வர்ணா உயரம். பயணத்தில் கசங்கிய சட்டை, கலைந்த முடி, தூங்காத கண். அப்படியும் அழகாக இருந்தாள். அதுதான் பொறுக்கவில்லை.

"நீங்கதான் தக்சாயினியா? ரொம்ப சந்தோஷம். அத்தான், அந்தப் பச்சைப் பெட்டிய உள்ள வைங்க, ஊறுகாய் இருக்கு."

அத்தான்.

கொலோன் வீட்டில் அம்மா இருந்த காலத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். தக்சாயினிக்கு அது மனைவி கணவனைக் கூப்பிடும் சொல். ஸ்வர்ணா வீட்டில் மாமன் மகள் கூப்பிடும் முறை. தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு 'அத்தானை'யும் எண்ணத் தொடங்கினாள். தக்சாயினி ஆட்களுக்கு முன்னால் அவனை 'வாசு' என்பாள். வீட்டுக்குள் பெயர் சொல்லத் தேவையே வந்ததில்லை.

கண்மணி நாச்சியார் கையைக் கழுவிவிட்டு நேரே மகனின் அறைக்குப் போனார். அலமாரியைத் திறந்தார். மூடினார். கட்டிலைப் பார்த்தார்.

"ஏந்தாயி, தலகாணிக்குச் சோடி உறை கெடைக்கலியா?"

ஒன்று நீலம், ஒன்று பூப்போட்டது. வாசுதேவன் சன்னலுக்கு வெளியே எதையோ தீவிரமாகப் பார்த்தான்.

"மற்றது தோய்ச்சுக் காயப்போட்டிருக்கு, அத்தை," என்றாள் தக்சாயினி.

"ம்."

அந்த 'ம்' எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரியவில்லை.

சாப்பாட்டில் எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. இறாலைச் சாப்பிட்டுவிட்டு நாச்சியார் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். தக்சாயினி பால்கறிக் கிண்ணத்தை எடுத்து முதலில் வாசுதேவனின் தட்டில் பரிமாறப் போனாள். அவனுக்குப் பிடித்தது அதுதான். ஞாயிறு தவறாமல் செய்வாள். மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான்.

"ஐயோ, அத்தானுக்குப் போடாதீங்க!" என்று கை நீட்டித் தடுத்தாள் ஸ்வர்ணா. "கத்திரிக்காய் தொட மாட்டாரே. நாக்கு அரிக்கும். சின்ன வயசுல ஒரு தடவ உதடெல்லாம் வீங்கிப்போச்சு. அத்த, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா. ராத்திரியெல்லாம் வெளக்கெண்ணெ தடவுனேன்."

தக்சாயினியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இப்ப பழகிடுச்சு," என்றான் வாசுதேவன் குனிந்தபடி. தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "போடுங்க."

"நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே."

"நல்லா இருந்துது. சொல்லத் தோணல."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். அவன் நாக்கு அரித்தபடியே சாப்பிட்டிருக்கிறான். அது அன்பா, விருந்தாளிக்குரிய மரியாதையா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். இந்த மேசையில் அவனை அறிந்தவர்கள் மூன்று பேர் இல்லை, இரண்டு பேர்.

"டேய், அந்த ரசத்த இந்தப் பக்கம் தள்ளு," என்றார் நாச்சியார்.

"ஓம், இந்தாங்க."

"என்னடா, மந்திரம் சொல்ற?"

வாசுதேவன் திகைத்து, பிறகு சிரித்தான். "இவங்க பேசிப் பேசி ஒட்டிக்கிச்சும்மா."

ஸ்வர்ணாவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. சோற்றைப் பிசைந்த விரல்கள் ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தன. தக்சாயினி அதைக் கவனித்தாள். கவனித்ததில் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதற்காக வெட்கப்பட்டாள்.

அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுள் இல்லை.

"விஷயத்தச் சொல்லிடறேன்," என்றார் நாச்சியார் கையைக் கழுவிவிட்டு. "நான் ஒரு மாசத்துல ஊருக்குத் திரும்பிருவேன். ஸ்வர்ணா திரும்ப மாட்டா. இந்த ஊர்லயே கம்பெனில வேலை கெடைச்சிருக்கு. ரூம் கெடைக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பா."

தக்சாயினி வாசுதேவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

பிற்பகலில் வெயில் வந்தது. ஊர் பார்க்கலாம் என்று நால்வரும் கார்ல்ஸ்ரூஹே அரண்மனைத் தோட்டத்துக்குப் போனார்கள். புறப்படும்போது ஸ்வர்ணா குளிர்கிறது என்றாள். வாசுதேவன் ஆணியில் தொங்கிய சிவப்புக் கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டான். அது தக்சாயினியின் கோட்டு.

"இது உங்களோடதுல்ல? போட்டுக்கலாமா?" என்று ஸ்வர்ணாதான் கேட்டாள். அவன் கேட்கவில்லை.

"போடுங்கோ, போடுங்கோ."

மஞ்சள் நிற மாளிகை இரண்டு சிறகையும் விரித்துக் கிடந்தது. புல்வெளியில் மாணவர்கள் படுத்திருந்தார்கள். மரங்கள் பாதி உதிர்ந்திருந்தன.

"இது யாரு இருந்த வீடு?"

"முந்தி ஒரு அரசன்ர மாளிகை, அத்தை. இப்ப மியூசியம்."

கண்மணி நாச்சியார் வேறு யாரும் பார்க்காத இடத்தைப் பார்த்தார். கூரையை.

"ஒழுகாதோ?"

"தெரியாது. பாத்துக்கொள்ள ஆக்கள் இருப்பினம்."

"ஆளில்லாத வீட்ட இவ்வளவு சுத்தமா வச்சிருக்காக. ஆளிருக்கிற நம்ம வீட்டுல வவ்வா அடையுது," என்று சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தார். தக்சாயினியும் பக்கத்தில் அமர்ந்தாள்.

வாசுதேவனும் ஸ்வர்ணாவும் குளத்தைப் பார்க்க முன்னே நடந்தார்கள்.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பின்னாலிருந்து பார்க்க, தானே அவனோடு நடந்து போவதுபோல இருந்தது தக்சாயினிக்கு. ஆனால் இப்படித் தோள் உரச அவள் அவனோடு நடந்ததே இல்லை. எப்போதும் நடுவில் இன்னொருவர் போகும் அளவுக்கு இடம் இருக்கும்.

குளக்கரையில் இருவரும் நின்றார்கள். ஸ்வர்ணா ஏதோ சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் தலை கவிழ்ந்தது. தோள்கள் குலுங்கின. வாசுதேவன் ஒரு கணம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

எந்தத் தோள் என்று தக்சாயினி கவனித்தாள். வலது தோள். அவள் வாரக்கணக்கில் நீவி, மடக்கி, உயர்த்திச் சரிசெய்து கொடுத்த தோள்.

முகத்தைத் திருப்பினாள். திருப்பிய பக்கத்தில் மாமியாரின் கண்கள் இருந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"எங்க கல்யாணம் எதுக்கு நடந்துச்சு தெரியுமா?" என்றார் நாச்சியார், சம்பந்தமே இல்லாததுபோல. "ஒரு கண்மாய்க்கு. எங்கய்யாவுக்கும் வெள்ளியம்பட்டிக்கும் அந்தத் தண்ணிக்குத்தான் கேசு. ரெண்டு வீடும் வக்கீலுக்கு அழுது ஓஞ்சு, என்னயக் குடுத்து வாபஸ் வாங்குனாக. அவுகளுக்கு என்னயப் பிடிக்கல. எனக்கும் அவுகளப் பிடிக்கல. மேல் மாடில அவுக, கீழ நான்."

தக்சாயினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாத்தனாருக்கு இங்கிலீசு சொல்லிக்குடுக்க சிசிலின்னு ஒரு டீச்சர் வருவா. நல்ல பொண்ணுதான். அவ வர்ற அன்னிக்கு மட்டும் அவுக தலைக்கு எண்ண வச்சுப் படிய வாருவாக. அத மொதநா பாத்தப்ப ஏதோ எரிஞ்சுது. பிடிக்காத மனுசன் தலைக்கு எண்ண வச்சா எனக்கென்னன்னு இருந்தேன். இருக்க முடியல. அடுப்படில ஒக்காந்து அழுதேன்."

"பிறகு?"

"பெறகென்ன. பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல பேசி, அவளுக்கு இதவிடப் பெரிய வேலையா வாங்கிக் குடுத்து அனுப்பிச்சேன். சந்தோசமாப் போனா. அவுகளுக்கு நாந்தான் அனுப்புனேன்னு தெரிய ஆறு மாசமாச்சு."

"கோவிச்சவரோ?"

"கத்துனாக. கத்துறதுக்காவது கீழ எறங்கி வந்தாகல்ல. அதுக்கப்பறம் மேல போகல." நாச்சியார் கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். "இன்னிக்கு வரைக்கும் அதுக்கு நான் வருத்தப்பட்டதில்ல."

குளக்கரையிலிருந்து இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஸ்வர்ணாவின் மூக்கு சிவந்திருந்தது.

"அந்தா வர்றவ என் தம்பி மக. தாயில்லாப் பிள்ள, என் மடியில வளந்தவ," என்றார் நாச்சியார் தணிந்த குரலில். "நீ என்ன செய்யப் போற?"

தக்சாயினி பதில் தேடுவதற்குள் அவர் எழுந்து முன்னே நடந்துவிட்டார். கேட்டது மிரட்டலா, உறவா என்று புரியவில்லை. தம்பி மகளுக்காகக் கேட்டாரா? ஒருகாலத்தில் தானாக இருந்த அந்தக் கீழ்த்தளத்துப் பெண்ணுக்காகக் கேட்டாரா?

வீடு திரும்பியதும் நாச்சியார் பயண அலுப்பில் தக்சாயினியின் அறையில் படுத்துவிட்டார். இப்போது அது விருந்தாளி அறை. மறுநாள் கடைகள் பூட்டியிருக்கும் என்று வாசுதேவன் பாண் ரொட்டியும் தண்ணீரும் வாங்கக் கீழே போனான். தக்சாயினி பாத்திரம் கழுவினாள். ஸ்வர்ணா கேட்காமலே துண்டை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள்.

இரண்டு தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க," என்றாள் ஸ்வர்ணா. "பங்குனியோட முடியுதுல்ல?"

"என்னது?"

"உங்க ரெண்டு வருஷம்."

குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மூட வேண்டும் என்று தக்சாயினிக்குத் தோன்றவில்லை.

"ஆர் சொன்னது?"

"அத்தான்தான். ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. எனக்காகத்தானே செஞ்சாரு."

இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது என்று நம்பியிருந்தாள். தங்கையிடம்கூடச் சொல்லாமல், கல்யாண வீட்டில் அவள் கட்டிப்பிடித்து அழுதபோதும் சொல்லாமல், நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அந்தப் பூட்டின் இன்னொரு சாவி ஸ்வர்ணாவிடம் இருந்திருக்கிறது.

"எனக்கு விளங்கேல்லை," என்றாள்.

ஸ்வர்ணா துண்டைக் கீழே வைத்தாள். "ரெக்ஸ்னு ஒருத்தன். தூத்துக்குடி. காலேஜ்லேர்ந்து பழக்கம். எங்கப்பாகிட்டச் சொன்னா வெட்டிப் போட்டுடுவாரு. அத்தான் என்னைய வேண்டாம்னு சொல்லிட்டா நான் தப்பிச்சேன். ஆனா சும்மா வேண்டாம்னா அத்த விடுவாங்களா? கல்யாணமே ஆயிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுல்ல. அதுக்குத்தான் நீங்க."

அதுக்குத்தான் நீங்க. தக்சாயினி அந்தச் சொற்களை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பொய் இல்லை. அவளுக்கும் அவன் எதற்கோதான்.

"ரெக்ஸ் இப்ப எங்க?"

"போன மாசம் வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான்." ஸ்வர்ணா சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியது. "வீட்ல பாத்த பொண்ணாம். எனக்குப் பத்திரிகைகூட வரல. பார்க்குல அதச் சொல்லித்தான் அழுதேன். அத்தான் ஒரு வார்த்தை பேசல. அழறவங்களப் பாத்தா அவருக்குப் பேச வராது."

ஹனோவர்க்காரன் விலகிய வாரம் தக்சாயினிக்கு ஞாபகம் வந்தது. மண்டபத்துக்காரர் அலங்காரத்துக்கு என்ன நிறம் என்று கேட்டு எடுத்த போன். அவளும் இப்படித்தான் உதட்டைக் கோணிக்கொண்டு நின்றாள். ஸ்வர்ணாவின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்தும் விட்டாள். ஈரக் கை.

"இதெல்லாம் ஆறும். எனக்கு ஆறினது," என்றாள்.

"அதான் யோசிச்சேன்." ஸ்வர்ணா அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "அன்னிக்கே அத்தானக் கட்டியிருந்தா இவ்வளவு அசிங்கம் இல்ல. என்ன நல்லாத் தெரிஞ்ச ஆளு. அத்தைக்கும் நிம்மதி. உங்களுக்கும் வந்த காரியம் முடிஞ்சுது, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயாச்சு. நீங்க பங்குனி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்னு இல்ல. இப்பவே விட்டுக்குடுத்துட்டீங்கன்னா..."

எல்லாம் நியாயம். பேசிக்கொண்டபடி பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் ஸ்வர்ணாவின் பக்கம்தான். ஓம், அதுதானே பேச்சு என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவலாம். பங்குனியில் பெட்டியைக் கட்டலாம்.

"ஏலாது," என்றாள் தக்சாயினி.

"என்ன?"

"ஏலாது எண்டு சொன்னனான்."

"புரியல."

"முடியாது. உங்கட தமிழில அப்பிடித்தான் சொல்லுறதெண்டால், முடியாது."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. கையை விடுவித்துக்கொண்டு குழாயை மூடினாள்.

ஸ்வர்ணாவின் முகம் வெளுத்தது. "ஆனா நீங்க ரெண்டு பேரும் நிஜமா..."

"அது எங்கட வீட்டு விசயம்."

"உங்க விஷயமா?" ஸ்வர்ணாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "சரி. இத அத்தான்கிட்டச் சொல்லியிருக்கீங்களா? அவருக்கு உங்க மேல என்னன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

இந்த வீட்டில் தக்சாயினி அவனிடம் கேட்டதெல்லாம் சாப்பிட்டீங்களா, குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டீங்களா என்பது மட்டும்தான்.

அடுப்படி வாசலில் ஏதோ உரசியது. இருவரும் திரும்பினார்கள். தண்ணீர்ப் போத்தல் கட்டைத் தூக்கியபடி வாசுதேவன் நின்றுகொண்டிருந்தான். முன்கதவு திறந்த சத்தத்தை இருவருமே கேட்கவில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்கள்?" என்றாள் தக்சாயினி.

அவன் போத்தல்களை மெதுவாகத் தரையில் வைத்தான். அவளைப் பார்த்தான். வழக்கமான மரியாதைப் பார்வை இல்லை அது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதடா, தள்ளு."

அவனை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார் கண்மணி நாச்சியார். அவிழ்ந்த கொண்டையை அள்ளி முடிந்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஸ்வர்ணா துண்டைத் தேடினாள். தக்சாயினி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"இந்த ஊர்ல செவர அட்டையில கட்டுவாகளோ?" என்றார். "பக்கத்து அறையில மனுசர் கண்ணசர முடியல."

ஸ்வர்ணா கையில் கிடைத்த துண்டை மடிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, நான் எல்லாத்தையும்..." என்று தொடங்கினான் வாசுதேவன்.

"ஒன்னயக் கேக்கல." அவர் மகனைத் திரும்பியும் பார்க்கவில்லை. "தாயி, உங்கய்யா கொலோன்லதான இருக்காரு?"

"ஓம், அத்தை."

"போனப் போடு. அடுத்த வாரமெல்லாம் வேண்டாம். நாளைக்கே ரயிலேறி வரச் சொல்லு."

"ஏன்... என்னத்துக்கு எண்டு சொல்ல?"

கண்மணி நாச்சியார் கொண்டையில் கடைசி ஊசியைச் செருகினார்.

"கல்யாணம் பேசணும்னு சொல்லு."

யாருடைய கல்யாணம் என்று அவர் சொல்லவில்லை. அந்த அடுப்படியில் நின்ற மூன்று பேரில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் துணிவும் வரவில்லை. தக்சாயினி போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிட்டார்.

"சொல்லு பிள்ளை," என்றார் இராசலிங்கம், ஊரெல்லாம் கேட்கும் சந்தோஷக் குரலில். "ராணியம்மாவுக்கு உன்னைப் பிடிச்சதோ?"